இரண்டு ஏக்கர் புல்லுக்கு எத்தனை மாடு? இலங்கை மலையகத்தில் இறைச்சிக்கு மாடு வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

முதல் வருடம் இரண்டு ஏக்கருக்கு ஆறு காளைக்கன்று பிடித்து விட்டேன். நுவரெலியாவை அடுத்த கந்தப்பளைப் பக்கம், யாரோ மரக்கறி செய்து கைவிட்ட நிலம், குத்தகைக்கு எடுத்தது. ஐப்பசியில் கன்றுகளை இறக்கியபோது புல் முழங்கால் உயரம் நின்றது. ஆறு என்ன, பத்துக்கூட மேயும் என்று நினைத்தேன். தை பிறந்தது, மழை போனது, விடியற்காலைப் பனியில் புல் நுனி வெந்த மாதிரிக் கருகியது. மாசியில் ஒரு நாள் பக்கத்து லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுத் தாத்தா வேலியோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "என்ன தம்பி, உடுப்புக் காயப்போடலாம் போல இருக்கே" என்றார். கன்றுகளின் விலா எலும்பைத்தான் சொன்னார். அந்த மாதமே இரண்டை வாங்கிய விலைக்கும் குறைவாகத் தள்ளிவிட்டேன்.

இனம், கொட்டகை, ஊசி பற்றியெல்லாம் சொல்லித்தர நம்மூரில் ஆள் இருக்கிறார்கள். எத்தனை மாடு, எத்தனை பேர்ச் (ஏக்கருக்கு 160 பேர்ச்), புல்லுக்கு எத்தனை நாள் ஓய்வு என்று பேனா பிடித்துக் கணக்குப் போடச் சொல்கிறவர்தான் குறைவு. எனக்கு நட்டம் வந்தது அந்தக் கணக்கில். அதனால் இதில் பெரும்பாலும் அதைத்தான் எழுதுகிறேன். விலைகள் மாதத்துக்கு மாதம் மாறும். இங்கே வரும் ரூபாக் கணக்கெல்லாம் முறையைக் காட்டுவதற்கு மட்டும். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே திரும்பச் செய்து பாருங்கள்.

முதலில் வீட்டில் பேசுங்கள்

இதைப் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் பூசி, மாலை போட்டு, கையால் பொங்கல் ஊட்டிய மாட்டை வைகாசியில் இறைச்சிக்குக் கொடுக்க எல்லா வீட்டிலும் மனம் வராது. என் அம்மாவுக்கு வரவில்லை. இன்றைக்கும் விற்கிற நாளில் அவர் கோயிலுக்குப் போய்விடுவார். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் பால்மாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். கீழே வரும் புல் கணக்கு அதற்கும் பொருந்தும்.

அப்புறம் சட்டம். மாட்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஏற்றிப்போக அனுமதிப்பத்திரம் வேண்டும். 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் முதல் உள்ளூராட்சி சபையின் விதிகள் வரை பல இதில் வரும். 2020இல் மாடறுப்பைத் தடைசெய்ய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தபோது வாங்க ஆள் வருமா என்றே பலருக்குப் பயம் வந்தது. முதல் கன்றை வாங்குவதற்கு முன்பே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போய், எந்த மாட்டை விற்கலாம், என்ன பத்திரம் வேண்டும், காதில் இலக்கத் தோடு போட என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

நிலத்தைப் பார்க்கும் விதம்

தேயிலை மலைக்குள் மாடு விட முடியாது. தோட்ட நிர்வாகத்தின் நிலம் என்றால் ஓடையோரத்தில் புல் அறுப்பதற்குக்கூடக் கேட்டுக்கொள்வது நல்லது. மேய விடுவது என்றால் சொந்த நிலம் வேண்டும், இல்லையென்றால் எழுத்தில் உள்ள குத்தகை வேண்டும். வாய்ப்பேச்சை நம்பி வேலி போடாதீர்கள். குத்தகை மூன்று வருடத்துக்குக் குறைந்தால் வேலிக்கும் புல் நடவுக்கும் போட்ட காசு திரும்பாது.

நிலம் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் காசுதான். ஹற்றன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் வைகாசி முதல் தென்மேற்குப் பருவ மழை. அங்கே புல்லுக்குக் கஷ்டமான காலம் தையும் மாசியும். பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் ஆனி முதல் ஆவணி வரை வறண்ட காற்று. தேயிலைக்கு நல்ல வாசம் கொடுக்கிற அதே காற்று புல்லைக் காய வைத்துவிடும். உங்கள் இடத்தில் புல் வளராத இரண்டு மூன்று மாதம் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மாட்டின் எண்ணிக்கையை அந்த மாதங்கள்தான் தீர்மானிக்கும். மழைக்காலத்துப் பச்சையைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன்.

தண்ணீர் பீலி நிலத்துக்குள்ளேயே இருந்தால் மாடு ஓடைக்கு இறங்காது. ஓடைக்கு இறங்கினால் மூக்கில் அட்டை ஏறும்.

புல்லை நிறுத்துப் பாருங்கள்

இந்த வேலைக்கு ஒரு கம்பித் துண்டு, ஒரு கத்தி, ஒரு கொக்கித் தராசு போதும். கம்பியை 50 சென்டிமீற்றருக்கு 50 சென்டிமீற்றர் சதுரமாக வளையுங்கள். நிலத்துக்குள் நடந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டு எறியுங்கள். நல்ல புல் உள்ள இடமாகப் பார்த்து எறிய ஆசை வரும், விடாதீர்கள். சதுரத்துக்குள் இருக்கும் புல்லைத் தரையிலிருந்து நாலு விரல் விட்டு அறுத்து, ஒரு பையில் போட்டு நிறுங்கள். பத்து இடத்தில் இப்படிச் செய்து சராசரி எடுங்கள். காலைப் பனி காய்ந்த பிறகு செய்யுங்கள். ஈரமும் சேர்ந்து நிறுத்தால் கணக்கு ஊதிப்போகும்.

சராசரி 300 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். நாலு சதுரம் ஒரு சதுர மீற்றர், ஆகவே 1.2 கிலோ. ஒரு பேர்ச் 25.3 சதுர மீற்றர், ஆகவே பேர்ச்சுக்கு ஏறக்குறைய 30 கிலோ பச்சைப் புல். அவ்வளவையும் மாடு தின்னாது. மிதிக்கும், சாணி போடும், பிடிக்காததை விட்டுவிடும். துண்டு துண்டாகப் பிரித்து மேய்த்தால் நூற்றுக்கு 60 வயிற்றுக்குப் போகும். அப்படியென்றால் பேர்ச்சுக்கு 18 கிலோ. நிலம் முழுவதையும் திறந்து விட்டால் இதிலும் குறையும்.

இனி மாட்டின் பசி. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு காய்ந்த தீனி ஒரு நாளைக்கு வேண்டும். 300 கிலோ மாட்டுக்கு 7.5 கிலோ. பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். ஆகவே பச்சையாக 40 கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. 40 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கன்றாக வாங்கினாலும் விற்கிற நாளில் என்ன எடை இருக்குமோ அதற்கே கணக்குப் போடுங்கள், ஏனென்றால் அது வளரத்தான் போகிறது.

40ஐ 18ஆல் பிரித்தால் ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 2.2 பேர்ச். மூன்று மாட்டுக்கு 6.6 பேர்ச். இரண்டு ஏக்கர் 320 பேர்ச், ஆகவே ஒரு சுற்று வர 48 நாள். ஆறு மாடு என்றால் 24 நாளில் முதல் துண்டுக்குத் திரும்பி வந்துவிடும். அங்கே புல் இன்னும் எழுந்திருக்காது. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். அதே நிலத்தை மாசியில் நிறுத்தபோது சதுரத்துக்கு 100 கிராம்தான் வந்தது. அந்த அளவுக்கு மூன்று மாடுகூட 16 நாளில் நிலத்தைத் துடைத்துவிடும்.

எத்தனை மாடு என்ற கணக்கு

மாடு கூடினால் காசு கூடும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஓர் அளவு வரைக்கும் அது சரி. இரண்டு ஏக்கரில் இரண்டு மாடு மேய்ந்தால் ஒவ்வொன்றும் நாளுக்கு 450 கிராம் ஏறுகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு மாடு கூடும்போதும் தலைக்கு 75 கிராம் குறைகிறது. மூன்று மாட்டில் தலைக்கு 375, நாலில் 300, ஐந்தில் 225, ஆறில் 150. இப்போது மொத்தம் கூட்டிப் பாருங்கள்: இரண்டு மாட்டில் 900 கிராம், மூன்றில் 1,125, நாலில் 1,200, ஐந்தில் மறுபடி 1,125, ஆறில் மறுபடி 900.

ஆறு மாடு வைத்தவனுக்கும் இரண்டு மாடு வைத்தவனுக்கும் நிலம் கொடுத்த இறைச்சி ஒன்றுதான். ஆறு வைத்தவன் நாலு மாட்டுக்குச் சும்மா காவல் காத்திருக்கிறான்.

தலைக்கு ஏறும் எடை இப்படி நேர்கோட்டில் இறங்கும் என்று 1974இலேயே ஜோன்ஸ், சாண்ட்லாண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். எடையே ஏறாமல் நின்றுபோகும் எண்ணிக்கை எதுவோ, அதில் பாதியில்தான் நிலத்தின் மொத்த விளைச்சல் உச்சம். நம் உதாரணத்தில் எட்டு மாட்டில் எடை நின்றுவிடும், ஆகவே உச்சம் நாலு.

ஆனால் உச்ச விளைச்சலும் உச்ச இலாபமும் ஒன்றல்ல. ஒரு மாட்டுக்கு நாளுக்கு 200 ரூபா செலவு என்று வையுங்கள்: தவிடு, கொஞ்சம் புண்ணாக்கு, தாதுப்பொடி, பூச்சி மருந்து, போட்ட முதலுக்கு வட்டி. உயிரெடை கிலோ 1,000 ரூபா. இரண்டு மாட்டில் 900 ரூபா வரவு, 400 செலவு, மிச்சம் 500. மூன்றில் 1,125க்கு 600 போக 525. நாலில் 1,200க்கு 800 போக 400. ஐந்தில் 125. ஆறில் நாளுக்கு 300 ரூபா நட்டம்.

மூன்று மாடு. இரண்டு ஏக்கருக்கு அவ்வளவுதான். கடையில் தீனி விலை ஏறும்போது இந்த எண் இன்னும் இறங்கும், ஏறாது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டு கட்டியிருக்கிறார் என்று பார்க்காதீர்கள். அவர் தினமும் எத்தனை புல்லுக்கட்டு சுமக்கிறார் என்று பாருங்கள்.

525 ரூபா என்பது கையில் நிற்கும் காசும் இல்லை. குத்தகையும் வேலியும் அதிலிருந்துதான் போக வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேர வேலைக்கு இது மோசமில்லை, ஆனால் முழுநேரப் பிழைப்புக்குப் போதாது. கொழும்பில் கடை வேலையை விட்டுவிட்டு இதை நம்பி வரப்போகிறேன் என்று கேட்கும் தம்பிமாருக்கு நான் சொல்வது, முதல் வருடம் வேலையை விடாதீர்கள்.

துண்டு பிரித்தல்

மூன்று மாட்டுக்கு நாளுக்கு 6.6 பேர்ச் என்று பார்த்தோம். தினமும் வேலி மாற்ற முடியாதவர்கள் மூன்று நாளுக்கு 20 பேர்ச் என்று வைத்துக்கொள்ளலாம். 320 பேர்ச்சை 16 துண்டாக்கினால் சரியாக வரும். நாலு நாளுக்கு மேல் ஒரே துண்டில் விடாதீர்கள். அதற்குள் முதல் நாள் கடித்த புல் மறுபடி துளிர்க்கத் தொடங்கும், மாடு அந்த இளந்துளிரைத்தான் தேடிக் கடிக்கும். வேரில் சேர்த்து வைத்ததைச் செலவழித்துத் துளிர்த்த புல் திரும்பவும் கடிபட்டால் செத்துப்போகும். அந்த இடத்தில் களை வரும்.

எப்போது திரும்ப விடுவது? நாட்காட்டியைப் பார்க்காமல் புல்லின் இலையை எண்ணுங்கள். நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவெல போன்ற குளிர் இடங்களில் பரவியிருப்பது கிகுயு புல். ஒரு தண்டைப் பிடித்துக் கடிபட்ட பிறகு வந்த புது இலைகளை எண்ணுங்கள். நாலு, நாலரை இலை வந்தால் மாடு விடலாம். அதற்கு மேல் காத்திருந்தால் அடியிலை மஞ்சளாகிக் காய்ந்துவிடும், வளர்ந்தது வீண். மேய்ந்து முடிக்கும்போது ஐந்து சென்டிமீற்றர் மிச்சம் நிற்க வேண்டும். கினிப்புல் என்றால் ஒரு சாண் விடுங்கள்.

கிகுயுவில் சோடியம் குறைவு. உப்புக்கட்டி ஒன்று தொங்கவிடுவதைப் போல மலிவான தீனி வேறு கிடையாது.

வேலிக்கு, கொஞ்சம் கீழ்நாடு என்றால் கிளிரிசிடியா கம்பு நட்டாலே போதும், தழையும் தீனிக்கு ஆகும். மேலே குளிரில் அது சரியாக வராது. வெளி எல்லைக்கு முட்கம்பி, உள்ளே துண்டு பிரிக்கச் சூரிய ஒளியில் ஓடும் மின்வேலிக் கருவியும் ஒற்றைக் கம்பியும் என்பதுதான் என் ஏற்பாடு. கருவி விலைதான், ஆனால் கம்பியைச் சுருட்டி மாற்ற இருபது நிமிடம் போதும். ஒன்று மட்டும் கேளுங்கள்: வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பிக்குக் கொடுக்காதீர்கள். மாடும் சாகும், ஆளும் சாவார்.

மேய்ச்சலா, அறுத்துப் போடுவதா என்று கேட்பார்கள். மூன்று மாட்டுக்கு 120 கிலோ பச்சைப் புல் என்றால் தலையில் முப்பது கிலோ கட்டு நாலு, தினமும், மழையிலும். மலைச்சரிவில் ஏறி இறங்கி இரண்டு மூன்று மணி நேரம். அந்த நேரத்தைக் கொந்தரப்புக்கு, அதாவது ஒப்பந்தக் கூலி வேலைக்கு, கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று கூட்டிப் பாருங்கள். நிலம் இல்லாத வீட்டில் வேறு வழியில்லை, பெரும்பாலும் பெண்கள்தான் அந்தக் கட்டைச் சுமக்கிறார்கள், அதை யாரும் செலவாக எழுதுவதும் இல்லை. நிலம் உள்ளவன் மாட்டையே நடக்க விடலாம்.

புல் இல்லாத மாதங்கள்

இருபது பேர்ச்சில் சீஓ-3 புல் நட்டு வையுங்கள். கோயம்புத்தூரில் உருவான நேப்பியர் கலப்பினப் புல்; தண்ணீரும் சாணியும் கொடுத்தால் வேகமாக எழும். மழைக்காலத்தில் மிஞ்சுவதை நறுக்கி, அரை நாள் வாட்டி, பிளாஸ்டிக் பீப்பாயில் காற்றுப் போகாமல் மிதித்து மூடினால் ஒரு மாதத்துக்குப் பிறகு எடுக்கலாம். ஆனால் அதற்கும் கணக்கு உண்டு. ஒரு பெரிய பீப்பாய் மூன்று மாட்டுக்கு ஏறக்குறைய ஒரு நாள் சாப்பாடு. நாற்பது நாள் பஞ்சத்தை முழுக்கப் பீப்பாயால் தாண்ட நினைத்தால் பீப்பாய் வாங்கியே முடிந்துபோவீர்கள். வறட்சி தொடங்க ஒரு மாதத்துக்கு முன் ஒரு மாட்டை விற்றுவிடுவது அதைவிட மலிவு. எல்லோரும் விற்கும் மாசியில் விற்றால் விலை கிடைக்காது, கார்த்திகையிலேயே கைமாற்றுங்கள்.

வாங்குவதும் விற்பதும்

மலையகத்தில் இறைச்சிக்கென்று தனி இனம் தேட வேண்டியதில்லை. பால்மாடு வைத்திருப்பவர்களிடம் பிரீசியன், ஜேர்சி கலப்புக் காளைக்கன்றுகள் வேண்டாத விருந்தாளிகள். பால் மறந்து புல் பழகிய, கண் தெளிந்த, வயிறு தொங்காத கன்றாகப் பாருங்கள்.

தையற்காரரின் அளவு நாடா ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பின்புட்டத்து எலும்பு வரை நீளம், இரண்டையும் அங்குலத்தில் அளவுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் பிரித்தால் கிலோ. என் மாடு ஒன்று சுற்றளவு 56, நீளம் 48. 56 தரம் 56 என்றால் 3,136; 48ஆல் பெருக்கி 660ஆல் பிரித்தால் 228 கிலோ. தரகர் கண்ணால் பார்த்து "நூற்றி எண்பதுக்கு மேல வராது தம்பி" என்றார். நாடாவைக் காட்டினேன், சிரித்தார். பக்கத்தில் மரக்கறி நிறுக்கும் பெரிய தராசுக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டேன், 215க்கு வந்தார். நாடா நூற்றுக்குப் பத்து அங்கே இங்கே தவறும், அதனால் நான் அதற்கு மேல் இழுக்கவில்லை. கிலோ ஆயிரம் என்றால் அந்த ஐந்து நிமிடப் பேச்சுக்கு 35,000 ரூபா.

கன்றை 120 கிலோவில் கிலோ 900க்கு வாங்கினால் 1,08,000. நாளுக்கு 375 கிராம் ஏறி 400 நாளில் 270 கிலோ. கிலோ 1,000க்கு விற்றால் 2,70,000. செலவு நாளுக்கு 200 படி 80,000. மிச்சம் 82,000. இதில் 12,000 ரூபா புல் கொடுத்ததல்ல, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் கிலோவுக்கு நூறு ரூபா வித்தியாசம் இருந்ததால் வந்தது. வாங்கும்போது கிலோ 1,100 கொடுத்திருந்தால் அதே 12,000 எதிர்ப்பக்கம் போயிருக்கும். அந்த 200க்குள் இருக்கும் வட்டியையும் மறக்க வேண்டாம். 1,08,000க்கு வருடம் 12 வீதம் என்றால் நாளுக்கு 35 ரூபா. எடை ஏறாமல் நிற்கும் மாட்டுக்கும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

போயா (பௌர்ணமி) நாளில் இறைச்சிக் கடை பூட்டு. அதை ஒட்டிய நாட்களில் தரகர்கள் அவசரப்பட மாட்டார்கள், நீங்களும் அவசரப்படாத நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

உரமும் சாணியும்

2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது மரக்கறிக்காரர்கள் சாணி தேடி அலைந்தார்கள். இன்றும் இரவில் பட்டியில் சேரும் சாணிக்கு விலை உண்டு. ஆனால் எல்லாவற்றையும் சாக்குக் கட்டி விற்றுவிட்டால் புல் நிலம் மெலியும். பாதியைச் சீஓ-3க்குப் போடுங்கள்.

யூரியா போடலாமா? 50 கிலோ மூட்டையில் 23 கிலோ நைதரசன். நல்ல மழையில், ஒரு கிலோ நைதரசனுக்குப் பத்து முதல் இருபது கிலோ வரை காய்ந்த புல் கூடுதலாகக் கிடைக்கும். பதினைந்து என்று பிடித்தால் 345 கிலோ, அதில் மாடு தின்பது 200 சொச்சம். ஒரு கிலோ எடை ஏற 17 கிலோ காய்ந்த புல் வேண்டும் என்றால் பன்னிரண்டு கிலோ எடை. மூட்டை விலையைப் பன்னிரண்டு கிலோ இறைச்சி மாட்டின் விலையோடு ஒப்பிடுங்கள். இது வேலை செய்வது கூடுதலாக வந்த புல்லைத் தின்ன மாடு இருந்தால்தான். ஏற்கனவே மழைக்காலத்தில் புல் மிஞ்சுகிற நிலத்தில் யூரியா வெறும் செலவு. மழை விடைபெறும் கடைசி வாரங்களில் ஒரு முறை போட்டு, மூன்று வாரம் மாடு விடாமல், வறட்சிக்குள் கொஞ்சம் புல்லைத் தள்ளிக்கொண்டு போவதுதான் எனக்குப் பலித்தது.

நோய் பற்றிச் சுருக்கமாக: கால்-வாய் நோய்க்கும் தொண்டை அடைப்பானுக்கும் ஊசி போடும் காலத்தை மிருக வைத்தியரிடம் கேளுங்கள். மூக்கில் இரத்தம் கசிந்தால் அட்டையைத் தேடுங்கள். கீழ்நாட்டுக் கன்றை மேலே கொண்டுவந்தால் உண்ணியைப் பார்த்துவிட்டு மற்ற மாட்டோடு சேர்த்துவிடுங்கள்.

இப்போது என் நிலத்தில் மூன்று நிற்கின்றன. போன கார்த்திகையில் நாலாவதை விற்றேன். கம்பிச் சதுரம் பட்டியின் கூரையில் செருகியிருக்கிறது. மாதம் ஒரு முறை எடுத்து எறிகிறேன். போன வாரம் 220 கிராம்.